சக்கரம் சுற்றாத மவுஸ்

மலையில் எமரால்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் ராஜப்ரியா வேலை பார்த்தாள். அவள் கம்ப்யூட்டரில் மவுஸ் நகரும், கிளிக் ஆகும். நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டினால் மட்டும் திரை அசையாது. ஃபேக்டரிக்கு இலை கொண்டுவந்து போடும் விவசாயிகளின் பட்டியலில் கடைசிப் பெயருக்குப் போவதற்குள் விரல் ஓய்ந்துவிடும். ஓசியில் கிடைக்கிறதே என்று லினக்ஸ் போடச் சொன்ன முதலாளி, அரதப் பழசான மவுஸை மட்டும் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

வைத்தியம் தெரிந்தவன், வரும் இலையை எடை போடும் எடைமேடை சுஜித் ஒருவன்தான். திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ ஒரு கட்டளையைத் தட்டுவான். சக்கரம் வேலை செய்யும். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால் பழைய குருடி கதைதான். மலையில் கரண்ட் போவதற்குக் கேட்கவா வேண்டும்? அடிக்கடி வந்தான். வேலை முடிந்து கிளம்பும்போது, "சாப்டீங்களா?" என்று கேட்பான்.

அந்த ஒரு கேள்விக்காக இந்தப் பெண் செய்த கூத்து கொஞ்சமில்லை. முதலாளி ஒருவழியாக இறங்கிவந்ததும் கணக்கர் நஞ்சப்பன் புது மவுஸ் வாங்கக் குன்னூர் கிளம்பினார். "எதுக்குங்க வீண் செலவு?" என்று தடுத்துவிட்டாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று முதலாளி மெச்சிக்கொண்டார். கரண்ட் போகாத நாட்களில் அவளே கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பிவிட்டு, சக்கரம் படுத்துவிட்டது என்று ஆள் அனுப்பினாள்.

நேற்று நஞ்சப்பன் டீ குடித்துக்கொண்டே சொன்னார், சுஜித்துக்குக் காரமடையில் பெண் நிச்சயமாகிவிட்டதாம். பொய்யாக இருக்கட்டும், அவன் வாயாலேயே இல்லை என்று சொல்லட்டும் என்று இன்று காலையில் வந்ததும் ராஜப்ரியா கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பிவிட்டு, சுஜித்துக்கு ஆள் அனுப்பினாள்.

"கரண்ட் போயிருச்சுங்க. சக்கரம் மறுபடியும் படுத்துருச்சு."

"எடைமேடையில கரண்ட் போகலீங்களே," என்றான் சுஜித். எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வான். இன்று சிரிக்கவில்லை.

"பொண்ணு நிச்சயமாயிருச்சுங்களா?"

"ஊட்ல முடிவு பண்ணிட்டாங்க. அப்பாவ எதுத்துப் பேசத் தைரியம் வரலீங்க."

கறுப்பு ஜன்னலைத் திறந்தான். வழக்கமான கட்டளையைத் தட்டவில்லை. ஏதோ ஒரு கோப்பைத் திறந்து, ஒரே ஒரு வரி எழுதிச் சேமித்தான்.

"இனி எத்தனை தடவை அணைஞ்சாலும் தானா வேலை செய்யுமுங்க. நான் வரோணும்னு இல்ல."

"இத எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

சுஜித் திரையைப் பார்த்தபடியே நின்றான். "மொத நாளே தெரியுமுங்க."

அவ்வளவுதான் சொன்னான். பாவி, ஒரு மாதம் முன்னால் இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளாவது வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு பேரும் ஒரு ஓட்டை மவுஸை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பிட்டீங்களா என்று கேட்காமலே அவன் எடைமேடைக்குப் போய்விட்டான். ராஜப்ரியா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள். ஜலதோஷம் என்று நஞ்சப்பனிடம் சொன்னாள்.

மத்தியானம் நிஜமாகவே கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டியலைத் திறந்து, சக்கரத்தின் மேல் விரலை வைத்தாள். சுற்றக் கூடாது, சாமி, இந்த ஒரு தடவை சுற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டு மெல்ல உருட்டினாள்.

பட்டியல் கடைசிப் பெயர் வரைக்கும் ஓடி நின்றது.