இரண்டெழுத்து வராத கணினி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கணினி படுத்துவிட்டது. சுருக்கு என்கிற நண்பனின் கணினியை இரவல் வாங்கி, அதில் அவனைப் பற்றியே இந்தக் கதையை எழுதுகிறேன். நன்றிகெட்ட வேலைதான். தண்டனையும் உடனே கிடைத்துவிட்டது.

நிரல், அதாவது புரோகிராம், எழுதும் செயலியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அமைப்பதே சுருக்குக்கு முழுநேர வேலை. இந்தக் கதையையும் அதில்தான் தட்டுகிறேன். அதில் அவன் நிரல் எழுதி யாரும் பார்த்ததில்லை. சேமித்தால் செயலி கைதட்டும். பிழை வந்தால் பெருமூச்சு விடும். கல்லூரியில் துறைத்தலைவருக்குப் பதில் எழுதி அலுத்துப்போய் ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறான். ஒப்புக்கொள்ளும்போது நாம் சொல்வோமே, முதலில் ச, அடுத்து ரி, அதைச் சேர்த்துத் தட்டினால் ‘தங்கள் ஆலோசனையைத் தலைமேல் ஏற்று இன்றே ஆவன செய்கிறேன் ஐயா’ என்று விரியும்.

(அந்தக் குறுக்குவழியை நிறுத்தப் பார்த்தேன். உறுதிசெய்ய அந்தச் சொல்லையே தட்டச் சொன்னது. தட்டினேன். தங்கள் ஆலோசனையைத் தலைமேல் ஏற்று இன்றே ஆவன செய்கிறேன் ஐயா. பெருமூச்சு விட்டது.)

2

தொடக்கம் ஒன்று: ஆய்வுக்கூடத்தின் மின்விசிறிகள் அன்றைய வெயிலை

வேண்டாம். மின்விசிறிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

தொடக்கம் இரண்டு: மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் இறுதியாண்டு புராஜெக்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

இது இருக்கட்டும். நூலகத்துக்கான மென்பொருள், இருவர் சேர்ந்து செய்வது. கூட்டாளி ஒரு வகுப்புத்தோழி. சுருக்கு அவளைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவான். தொண்ணூறு பக்க அறிக்கையை அவள் முடித்துவிட்டாள். நிரல் அவன் பங்கு. இதில் தேறினால்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை நிலைக்கும்.

3

“புரோகிராம் எங்கடா?”

“அதுக்குத்தான் பங்காளி மூணு மாசமா இடம் ரெடி பண்ணேன்.”

வெள்ளைத் திரை. அவள் ஒரு விசையைத் தட்டினாள். செயலி கைதட்டியது.

“இப்ப எதுக்குக் கைதட்டுது?”

“சேவ் ஆயிடுச்சு.”

“எது?”

“ஒண்ணுமில்ல. ஆனா பத்திரமா இருக்கு.”

[இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். அழுகிற ஆளில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

சுருக்கு ஒரு யோசனை சொன்னான். இந்தச் செயலியையே புராஜெக்ட் என்று கொடுத்துவிடலாம். அறிக்கையில் புத்தகம் என்று வருகிற இடமெல்லாம் நிரல் என்று மாற்றினால் போதும். மாற்றுவதற்குத் தனியாக ஒரு விசையே வைத்திருக்கிறான். இருவர் கையெழுத்து வேண்டும். அவன் போட்டுவிட்டான்.

4

முடிவு ஒன்று: அவள் மறுக்கிறாள், இருவரும் தோற்கிறார்கள். எழுதினேன். செயலி பெருமூச்சு விட்டது.

முடிவு இரண்டு: பேனாவை எடுத்து, “தங்கள் ஆலோசனையைத் தலைமேல் ஏற்று இன்றே ஆவன செய்கிறேன் ஐயா” என்றாள் பங்காளி.

செத்தாலும் அவனை அவள் ஐயா என்று கூப்பிட மாட்டாள்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. வேறு வழியில்லை. கோடு போட்டு இடம் விடுகிறேன், பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “__ __” என்றாள்.

தப்பு நடக்கக் கூடாதென்று இரண்டெழுத்துக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்கிறேன். ‘போடா’வும் இரண்டெழுத்துதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.