வேர் எது, நுனி எது

1

ஒரு தூணைப் பார்த்ததில் தொடங்கிய கதை இது. கிழக்குத் திமோரில் எங்கள் மலையூரில் வீட்டுத்தூண் நடும்போது மரத்தின் வேர்ப்பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வீட்டிலிருப்பவர்கள் நோயில் படுத்துவிடுவார்கள். சண்டையில் ஊர் எரிந்த பிறகு நிவாரணக்காரர்கள் சிமெண்ட் தூண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் வேர் எது?

(முதலில் "மூடுபனி மலையைத் தழுவிய அந்த..." என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பனிக்கு இங்கே வேலையில்லை.)

2

தொமிங்கஸின் சின்ன மகளுக்கு நெஞ்சுச்சளி. மழைக்கு முன் கூரை வேண்டும். தொமிங்கஸின் கணவன் மத்தேயுஸைச் சண்டையின்போது ஆயுதக்காரர்கள் ஆற்று வளைவுக்கு இழுத்துப்போனார்கள், உடல் கிடைக்கவில்லை. தூண் நட வந்தவன் கொழுந்தன் அபிலியூ.

"வேர்ப்பக்கம் தெரியாம நடக்கூடாது அண்ணி."

"சிமெண்டுக்கு ஏதுடா வேரு? தோப்புல வெட்டியா கொண்டாந்தாங்க?"

"உருண்டைக் கல்லுல நடுமட்டமா வச்சுப் பாப்போம். வேர்ப்பக்கம் கனம், அதுதான் தாழும்."

"பாரு, பாரு. மழை வந்தா உன்னையே நட்டு வச்சு ஓலை மேயுறேன்."

மூன்று தூண்கள் மட்டமாக நின்றன. நான்காவது ஒரு பக்கம் தாழ்ந்தது. திருப்பி வைத்தார்கள். அதே முனைதான் தாழ்ந்தது.

தொமிங்கஸ் தூண் ஏற்றிவந்த லாரிக்காரனிடம் கேட்டாள். "இதுக்கு மணல் எங்க அள்ளினீங்க?"

"நம்ம ஆத்துலதான் அக்கா. அந்த வளைவுல."

அபிலியூ தூணிலிருந்து கையை எடுத்தான்.

3

(மணலோடு மத்தேயுஸின் எலும்பும் வந்திருந்தால்? எலும்பு சிமெண்டைவிட லேசு. அப்படியானால் அந்த முனை மேலே எழ வேண்டும். எழுதிய பிறகுதான் உறைத்தது. தூணை மட்டமாக்கித் திருத்தி எழுதினேன். அடுத்த வரியில் மறுபடி தாழ்ந்துவிட்டது.)

தொமிங்கஸ் தூணில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது கன்னத்தில் ஈரமணல். தூண் காய்ந்து மாதங்களாகியிருந்தன.

4

"உடைச்சா வேற தூண் தரமாட்டாங்க அண்ணி. மூணு தூண்ல கூரை நிக்காது."

"உடைக்கலேன்னா அவரு நின்னுக்கிட்டே இருப்பாரு. எத்தனை வருசம்டா நிப்பாரு ஒரு மனுசன்?"

முதல் முடிவில் உடைக்கிறாள், உள்ளே... இல்லை, அதை நான் எழுதமாட்டேன். இரண்டாம் முடிவில் நடுகிறார்கள். பிள்ளை நனையாமல் தூங்குகிறது, அப்பா கூரையைத் தாங்கிக்கொண்டு... இதையும் முடிக்க முடியவில்லை.

தார்ப்பாய்க்குள் பிள்ளை இருமுகிறது. தூறல் விழத் தொடங்கிவிட்டது. தொமிங்கஸ் சம்மட்டியை ஓங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல், உங்களைப் பார்க்கிறாள்.

சம்மட்டி கனம். அதிக நேரம் அவளால் பிடித்திருக்க முடியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.