இடது பட்டன்

மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது, பேனா பிடித்தா இப்படி, இல்லை, நேற்று பகல் முழுக்க பாடியில் இருக்கிற பட்டறையில், தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ்ஸுக்குத் தகடு கொடுத்த வலி, தகடு கொடுத்ததும் இந்தக் கைதான், நீட் மாதிரித் தேர்வில் கணக்குப் போடுவதும் இந்தக் கைதான்... கால்குலேட்டர் கிடையாது, வாட்ச்கூடக் கட்டக் கூடாது, நாலே முக்காலை ஒன்று புள்ளி ஆறால் வகுத்தால் சுமாராக மூன்று, சுமாராகப் போடு தாட்சாயிணி, பக்கத்தில் வந்தால் போதும், போதுமா? கரையான்சாவடி வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். தாட்சாயிணியின் ஷிப்டுக்கு அக்கா விஜி போயிருக்கிறாள். அவளும் அதே பட்டறைதான், வேறு மிஷின், இன்று அவளுக்கு விடுப்பு. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "டாக்டரம்மா, சும்மா ஒண்ணும் போகல, நீ எனுக்கு ஒரு ஷிப்டு கடன்" என்றாள். "குடுத்துடறேன், போடி."

அடுத்த கணக்கு. இருபது சென்டிமீட்டர் விழுந்த ஸ்கேலைப் பிடிக்கிறவனின் கை சுதாரிக்க எவ்வளவு நேரம்? ஈர்ப்பு முடுக்கம் பத்து, புள்ளி இரண்டை இரட்டித்தால் புள்ளி நாலு, அதைப் பத்தால் வகு, புள்ளி பூஜ்யம் நாலு, வர்க்கமூலம் புள்ளி இரண்டு. ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. நேற்று விஜியும் இப்படித்தான் பிடித்தாள், "இன்னாடி, ஸ்கேலத் தூக்கிகினு வாத்தியார் மாதிரி" என்று சிரித்தாள், அதே இருபதில். அந்த நேரத்துக்குள் பிரஸ் இறங்கிவிடும்... இறங்கி... பட்டன்.

இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே போகாதிருக்க அந்த ஏற்பாடு. வேகம் வேண்டும் என்று பலரும் இடது பட்டனில் மரச்சில்லைச் செருகி, அது அமுங்கியபடியே இருக்க, ஒரு கையால் ஓட்டுவார்கள். செருகினவரே ஷிப்டு முடிந்ததும் பிடுங்க வேண்டும், அதுதான் அங்கே ஒழுங்கு. நேற்று பிடுங்கினேனா? படிக்க வேண்டும், பஸ் போய்விடும் என்று ஓடினேன்... எண்ணெய் குடித்துக் கறுத்த சில்லு, பட்டனோடு பட்டனாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. விஜி சில்லு செருகவே மாட்டாள், அவளுக்கு ஒரு பழக்கம், வலது கையைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு இடது கையால் தகட்டைச் சரிசெய்வாள். இடது பட்டன் காப்பாற்றும் என்ற நம்பிக்கை. போன் போட்டால் ரிங் போகிறது, வேலை நேரத்தில் எல்லா போனும் கேட்டில் இருக்கிற பெட்டிக்குள், மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மறுபடி ரிங். செருப்பு எங்கே? இப்போதே பஸ் கிடைத்தாலும் பாடிக்கு ஒரு மணி நேரம், பிரஸ்ஸுக்கு ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பிடுங்கியிருப்பேன், சுமாராக ஞாபகம் இருக்கிறது... சுமாராக. ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. விஜிக்கு ஒரு ஷிப்டு கடன், இன்னும் கொடுக்கவில்லை.