இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்ற விமானம்

வடக்குக் கட்டுப்பாட்டு நிலையம் கையை விட்டுவிட்ட, தெற்கு நிலையம் இன்னும் கை நீட்டாத ஒரு பயணிகள் விமானம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஆற்றுக்கு நேர் மேலே நின்றுபோனது. அது விழவில்லை, வட்டமடிக்கவில்லை, சிக்னலில் பஸ் நிற்பதுபோல் நின்றது. காரணம் எளிது. வடக்கின் வரைபடத்தில் எல்லைக்கோடு ஆற்றின் இந்தக் கரையில் ஓடியது, தெற்கின் வரைபடத்தில் அந்தக் கரையில் ஓடியது. நடுவே ஆற்றின் அகலத்துக்குக் கிடந்த ஆகாயம் யாருக்கும் சொந்தமில்லை. யார் பொறுப்பிலும் இல்லாத விமானம் எப்படி நகரும்?

அதுவரை இந்த இடைவெளி ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. வடக்கில் இருப்பவர் நேரடித் தொலைபேசியை எடுத்து “வருது” என்பார், தெற்கில் இருப்பவர் “சரி” என்பார், விமானம் அந்த மரியாதையிலேயே ஆற்றைத் தாண்டிவிடும். அன்று வடக்கில் உட்கார்ந்திருந்தவள் அக்காக்காரி, தெற்கில் இருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வேலைக்குப் படித்தவர்கள். அம்மாவை ஆறு மாதம் இவள், ஆறு மாதம் அவன் வைத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் அக்காக்காரி ஐந்து மாதத்திலேயே அம்மாவை விமானம் ஏற்றிவிட்டாள். மிச்சமிருந்த அந்த ஒரு மாதத்தை வாங்கிக்கொள்ளத் தம்பி தயாராயில்லை. அம்மா அந்த விமானத்தில்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“வருது” என்றாள் அக்காக்காரி.

“எந்த இடத்துல ஒப்படைக்கிறீங்கன்னு சொல்லுங்க” என்றான் தம்பி. பிறந்ததிலிருந்து வாடி போடி என்று பேசியவன் முதல் தடவையாக அவளை ‘நீங்க’ என்றான். அவளுக்குச் சுருக்கென்றது.

“எங்க கோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாச்சு. இனி உங்க பாடு.”

“எங்க கோட்டுக்கு இன்னும் வரலையே.”

நாங்கள் யாருடைய விமானம் என்று விமானி வானொலியில் கேட்டார். எங்களுடையது இல்லை என்று இரண்டு நிலையங்களும் மிகுந்த பணிவோடு பதில் சொல்லின.

பிறகு மூன்று வருடம் கமிட்டி கூடியது. வடக்கு தன் வரைபடத்தை விரித்தது, தெற்கு தன்னுடையதை விரித்தது, இரண்டும் சரியாகவே இருந்தன. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றார்கள். மற்ற விமானங்கள் ‘வருது’, ‘சரி’ என்று வழக்கம்போலத் தாண்டின. ஆனால் விசாரணைக்குப் போன விமானத்தை வாய்ச்சொல்லில் வாங்கக்கூடாது என்பது விதி. மேலே எரிபொருள் குறையவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத விமானத்தில் யாருடைய எண்ணெய் எரியும்? வானிலைக்காரர்களின் பலூன்களில் ரொட்டியும் சோப்பும் போய்ச் சேர்ந்தன. இறக்கையில் துணி காயப்போட்டார்கள், உள்ளே இரண்டு கல்யாணம் நடந்தது, எகானமி வகுப்பில் பிறந்த குழந்தை பிசினஸ் வகுப்புக்குத் தவழ்ந்து போனது. விமானத்தின் நிழல் கீழே ஆற்றில் விழுந்த இடத்தில் படகு போட்டு உட்காரக் கோடைக்காலத்தில் கூட்டம் அலைமோதியது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே படகோட்டிகளுக்குக் கொண்டாட்டம்.

அக்காக்காரிக்கு மட்டும் கொண்டாட்டமில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் விமானம் தெரிந்தது. அம்மாவின் அறைக்கு அடித்த வெள்ளை மூன்று வருடமாக அழுக்காகவில்லை, ஏனென்றால் சாய்ந்து உட்கார ஆளில்லை. ஒரு வார்த்தை சொன்னால் விமானம் நகர்ந்துவிடும். சொன்னால் வேலை போகும் என்பது ஒரு பயம். அதைவிட, தம்பி முன்னால் இறங்கிப் போவதா என்ற வீம்பு. இரண்டுக்கும் அடியில் வெட்கம் அவளைத் தின்றது. எந்தத் தேதியில் அம்மாவை அனுப்பலாம் என்று நாள் பார்த்தவள் அவள்தானே.

மூன்றாம் வருடக் கடைசியில், விமானி முகம் கழுவப் போயிருந்த நேரம், அம்மா அவர் இருக்கையில் உட்கார்ந்து மைக்கை எடுத்தாள். அவள் குரல் இரண்டு நிலையங்களிலும் ஒலித்தது.

“நான்தான் பேசறேன். ரெண்டு பேரும் இருக்கீங்களா? எங்களுது இல்ல, எங்களுது இல்லன்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். விமானத்தைச் சொல்றாங்கன்னு இங்க எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

அக்காக்காரி வரைபடத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மேலதிகாரி பின்னால் நிற்பது தெரிந்தும், “என்னோடது. நான் வாங்கிக்கிறேன்” என்றாள். அதே நொடியில் தெற்கிலிருந்து தம்பியும் அதையே சொன்னான்.

விமானம் அசைந்தது, இரண்டானது. ஒன்று வடக்கே திரும்பியது, இன்னொன்று தெற்கே போனது. ஒரே நேரத்தில் இருவர் உரிமை கேட்ட விமானம் வேறு என்ன செய்யும்? இரண்டும் பத்திரமாக இறங்கின, இரண்டிலும் எல்லாப் பயணிகளும் இருந்தார்கள். பயணிகளில் ஒருவரான பல் மருத்துவர் இரண்டு ஊரிலும் மருத்துவமனை திறந்தார், இரண்டிலும் அவரே இருந்தார். ஒரு விமானிக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் இன்னொரு விமானியாகிய அவரே வேலைக்குப் போனார். விமான நிறுவனம் ஒரு விமானம் கூடுதலாகக் கிடைத்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. கமிட்டி இரண்டு கோடுகளையும் ஒன்றாக்கிவிட்டு, இனி இரண்டு நிலையங்களும் ஒரே நேரத்தில் ‘என்னோடது’ என்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டது. வேலை யாருக்கும் போகவில்லை. இரண்டு வீட்டிலும் அம்மா முழு வருடமும் இருந்ததால் சண்டை போட விஷயமில்லாமல் அக்காவும் தம்பியும் பேச ஆரம்பித்தார்கள்.

அம்மாக்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு அக்காக்காரி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள் சுவரில் சாய்ந்தபடி அம்மா போனில் சொல்வது கேட்டது.

“இங்க இவ, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு கேட்டு வாங்கினாளாம்.”

“இங்க இவனும் அப்படித்தானாம்” என்றாள் அந்தப் பக்கத்து அம்மா.

பிறகு முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். இருவருக்கும் இடது முட்டிதான்.