ஒரு ஜாண் திறக்கும் கதவு

சோபா வந்த அன்றே அந்த வீட்டில் ஒரு கதவு பாதி செத்துப்போனது.

ஹாலை அங்குலம் விடாமல் அளந்த வீட்டுக்காரன், முதலாளி ஒருவரிடம் வேலை பார்க்கும் அந்த டிரைவர், உள்ளறைக் கதவு ஹால் பக்கமாகத் திறக்கும் என்பதை மட்டும் கோட்டை விட்டான். கடை ஆட்கள் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, உள்ளேயே பூட்டி முறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு பார்த்தால், சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நிற்கிறது சோபா. கதவு ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தது. அதற்குமேல் சோபாவின் கைப்பிடி தடுத்தது.

"கதவு முழுசாத் திறந்தே ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றான் டிரைவர். "உள்ள துணிமணிதானே கெடக்கு? சிட்டு போய் எடுத்துட்டு வருவா."

அவனுடைய ஒரே மகள் சிட்டு. மூச்சிரைப்பில் இளைத்து ஈர்க்குச்சியாய் இருந்தாள். அந்த இடுக்கில் ஒருக்களித்து நுழைய வீட்டில் அவள் ஒருத்தியால்தான் முடிந்தது.

"ஏய் சிட்டு, கதவை இடிச்சு சோபால கீறல் விழுந்துச்சு, அப்புறம் உன் முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!" என்று மிரட்டினான் அவன்.

சிட்டு சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா ஆயத்த ஆடை கம்பெனியில் துணி வெட்டுகிறவள். டாக்டர் போன மழைக்காலத்திலேயே சொல்லியிருந்தார்: "மருந்தைப் புகையாக் குடுக்கிற மெஷின் ஒண்ணு வீட்டுல வச்சுக்கம்மா. நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணு தாங்க மாட்டா." அதற்காக ஓவர்டைம் பார்த்து அவள் சேர்த்த பணம்தான் சோபாவுக்கு அட்வான்ஸாகப் போனது.

"கேக்காம எடுத்துட்டீங்களே!"

"அடுத்த மாசம் வாங்காமயா போயிடுவேன்? முதலாளி வீட்டு ஹால்ல இதே சோபாதான். இத்தனை வருஷம் வாசல்ல நின்னே பார்த்திருக்கேன். ஒரு நாளாவது 'உக்காருடா'ன்னு சொல்லியிருப்பாரா?"

அந்தக் குரல் உடைந்ததில் அவளுக்கு வாய் அடைத்துப்போனது. அன்றைக்கு வாயடைத்ததற்காக அவள் தன்னைப் பின்னால் எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரைவரின் அண்ணனும் அண்ணியும் சோபா பார்க்க வந்தார்கள். காலையிலிருந்தே சிட்டுவுக்கு இழுப்பு.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"அவங்க போகட்டும், போயிடலாம். அதுவரைக்கும் சிட்டு உள்ள இருக்கட்டும். அண்ணி முன்னாடி லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு..."

சிட்டு ஒருக்களித்து இடுக்கில் நுழைந்தாள்.

அண்ணி உட்கார்ந்தாள். இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை கறுமுறு என்றது.

"ஏன் தம்பி, உறையை எப்பப் பிரிப்பீங்க? பேரன் பேத்தி எடுத்த பிறகா?"

"தோலு அண்ணி, அசல் தோலு! அழுக்காயிடும்ல."

"அப்ப நாங்க அழுக்கா?" என்று அண்ணன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் உட்காரவில்லை. நின்றபடியே சோபாவைத் தடவிக்கொண்டிருந்தான்.

டீ டம்ளர்களோடு நின்ற அம்மாவின் காது முழுக்கக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இருமல். இழுப்பு. மறுபடி இருமல். பிறகு, எதுவுமே இல்லை.

டம்ளர்கள் தரையில் உருண்டன.

"சிட்டு!"

இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தரையில் சாய்ந்து கிடந்தாள் மகள். உதடு நீலம். நெஞ்சுக்குழி மட்டும் உள்வாங்கி உள்வாங்கித் துடித்தது. அம்மா கையை நுழைத்தாள், தோள் சிக்கியது. விரல் நுனிக்கும் பிள்ளையின் தலைமுடிக்கும் நடுவே எட்டாத தூரம்.

"சோபாவை இழுங்க!"

அண்ணனும் தம்பியும் மூச்சுக் கட்டி இழுத்தார்கள். சுவருக்குச் சுவர் நிற்பது எங்கே நகரும்? அண்ணன் கதவைக் கீலோடு பெயர்க்கப் பார்த்தார். இரும்புக் கதவு, அசையவில்லை.

"கடைக்காரனுக்குப் போன் போடறேன். ஸ்க்ரூவைக் கழட்டினா..." டிரைவர் போனில் நம்பரைத் தேடினான்.

"கடைக்காரன் வர்ற வரைக்கும் அவ மூச்சை நீங்க விடுவீங்களா?"

அவள் தையல் கூடையிலிருந்து பெரிய கத்தரியை உருவினாள். பிளாஸ்டிக் கிழிந்தது. கத்தரி கைப்பிடித் தோலில் இறங்கப் போன நேரம், அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"ஏய்... தோலுடி!"

அவள் அவனைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவன் கை தானாகக் கழன்றது.

கத்தரி இறங்கியது. தினமும் அடுக்கடுக்காய்த் துணி வெட்டிப் பழகிய கை. தோல் ஒரே இழுப்பில் பிளந்தது. பஞ்சை வாரி வாரி எறிந்தாள். உள்ளே மரச்சட்டம். அதை டிரைவர் உதைத்தான். வெறுங்காலால், ரத்தம் வர வர, பைத்தியம் பிடித்தவன்போல் உதைத்தான். சட்டம் முறிந்தது. கதவு திறந்தது.

அண்ணன் ஆட்டோவுக்கு ஓடினார். மகளை மடியில் போட்டுக்கொண்டு அம்மா வழியெல்லாம் ஒரே சொல்லைத்தான் சொன்னாள். "மூச்சு விடும்மா. மூச்சு விடு."

சாயங்காலம்தான் சிட்டுவின் உதட்டில் பழைய நிறம் எட்டிப்பார்த்தது. முகமூடி வழியாக மருந்துப் புகை போய்க்கொண்டிருந்தது.

"இனிமே பயமில்லைன்னு இப்பச் சொல்ல முடியாது. ராத்திரி தாண்டட்டும்," என்றாள் நர்ஸ். "இந்த மெஷின் வீட்டுல இல்லையா?"

அம்மாவின் தலைமுடியில் சோபாப் பஞ்சு ஒட்டியிருந்தது. டிரைவர் அதை எடுக்கக் கை நீட்டினான். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

சிட்டு கண் திறந்தாள். அப்பாவைக் கண்டதும் முகமூடியை விலக்கப் பார்த்தாள்.

"பேசாதடா தங்கம்," என்றான் அவன்.

"அப்பா..." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினாள். "கதவைத் தட்டலாம்னு நெனச்சேன்... தட்டினா சோபால இடிக்கும்ல... அதான் தட்டல. கீறல் விழலப்பா."

கட்டிலருகே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அவன் அதில் உட்காரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி தரையில் சரிந்தான்.

அம்மா முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.