இன்னொரு விடையும் உண்டு

போன் அடித்தது.

கத்தரி நின்றது. வெட்டு மேஜைமேல், கோடு போட்ட சட்டைத் துணிக்கும் சாக்குக் கட்டிக்கும் நடுவில் கிடந்த போன் மட்டும் வண்டு மாதிரி உறுமிக்கொண்டு தானாக நகர்ந்தது.

"ஸ்கூல்தான்," என்றார் மாஸ்டர், குரலைத் தாழ்த்தி. "நண்டு, வா இப்படி. ஞாபகம் இருக்கில்ல? நீ யாரு?"

நண்டு பாவாடையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டாள்.

"யாருன்னு கேட்டேன்."

"அண்ணன்."

"துரை, நீ?"

"தங்கச்சி," என்றான் துரை, தரையைப் பார்த்து.

"எவனாவது எவளாவது உளறுனீங்க..." மிரட்டலை அவர் முடிக்கவில்லை. மேஜை ஓரத்தில் இருந்த மர ஸ்கேலை ஒரு தட்டுத் தட்டி வைத்தார். அது போதும். துணி அளக்க வாங்கிய ஸ்கேல்தான். ஆனால் அந்த வீட்டில் அது முதுகையும் அளக்கும்.

மூலையில் தரையில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மா, பொத்தான் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி மட்டும் பாதி வழியில் நின்றது.

பயப்படுவதற்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் காரணம் இருந்தது.

துரை போன வருஷம் கணக்கில் கோட்டைவிட்டு அதே வகுப்பில் தங்கிவிட்டான். ஒரு வயது சின்னவளான நண்டு, நண்டு மாதிரியே குறுக்கும் நெடுக்கும் ஓடி, அவன் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். வந்ததோடு விட்டாளா? ஒவ்வொரு பரீட்சையிலும் கணக்கில் முதல் மார்க். தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர்கூட, "என்ன மாஸ்டர், பையனுக்குப் பொண்ணை விட்டு ட்யூஷன் எடுக்கச் சொல்றதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஸ்கேல் துரையின் முதுகில் விழுந்தது. கூடவே, அந்த மார்க்கை வாங்கிய குற்றத்துக்காக நண்டின் முதுகிலும் விழுந்தது.

இப்போது பிள்ளைகள் மேல்வகுப்புக்கு எந்தப் பாடப்பிரிவு என்று முடிவு செய்கிற நேரம். புதிதாக வந்திருந்த ஆலோசகர் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மார்க்கை மட்டும் பார்த்துப் பிரிவு கொடுக்க மாட்டார். லீவு நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, பிள்ளையிடமே நேராகப் பேசி, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் முடிவு. மார்க் குறைந்தவனும் பேசித் தேறலாம்.

இதைக் கேள்விப்பட்ட அன்றே மாஸ்டரின் மூளை வேலை செய்தது. துரைக்குக் குரல் இன்னும் உடையவில்லை. போனில் எடுத்தால் வாடிக்கைக்காரர்களே, "நண்டா, துரையா?" என்று கேட்பார்கள். அண்ணனாக நண்டு பேசுவாள். கணக்குப் பிரிவு துரைக்கு. ஒரே குரல் இரண்டு தடவை வந்தால் சந்தேகம் வரும். அதனால் தங்கச்சியாகத் துரை பேசி, தையல் பிரிவு போதும் என்று சொல்லிவிடுவான்.

"ரெண்டு பேருமே கணக்கு எடுக்கட்டுமேங்க," என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்து? தங்கச்சி முன்னாடி, அண்ணன் பின்னாடியா? நாளைக்கு இவனை எவன் மதிப்பான்? பொம்பளப் பிள்ளைக்குக் கையில ஊசி இருந்தா எந்த வீட்டுக்குப் போனாலும் பிழைச்சுக்கும். இவன் ஆபீஸ் சேர்ல உக்கார வேண்டியவன்."

பெரிய கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் இதே பேச்சுத்தான் வரும். அண்ணனைத் தாண்டுகிற தங்கச்சியைச் சத்தமில்லாமல் ஒரு படி கீழே இறக்கி வைப்பார்கள். அதற்கு அடக்கம் என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

மாஸ்டர் பட்டனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். ரெண்டு பிள்ளைங்க இருக்கிற வீடுதானே? முதல்ல பெரியவரைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் நண்டின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அந்தக் கை தோளிலேயே இருந்தது.

"வ... வணக்கம் டீச்சர்."

"ஏன் குரல் நடுங்குது? நான் என்ன ஊசியா போடப் போறேன்?"

"பழக்கம்தான் டீச்சர். தையக்கடை." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். டீச்சர் சிரித்தார். தோளிலிருந்த கை இறுகியது. சொல்லிக்கொடுக்காததைப் பேசாதே என்று அர்த்தம்.

"சரி, எந்தப் பிரிவு வேணும்?"

"கணக்கு."

"உன் மார்க் அப்படிச் சொல்லலையே! யாருக்காகக் கேக்கறே? வீட்ல சொன்னதுக்காகவா?"

"இல்ல டீச்சர். எனக்குப் பிடிக்கும். ராத்திரி தூக்கம் வரலைன்னா நான் கணக்குதான் போடுவேன்."

சொன்ன பிறகுதான் நண்டுக்கு உறைத்தது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் என்று சொன்னால் அண்ணனும் அதுதான், தங்கச்சியும் அதுதான். அந்தச் சின்னச் சொல்லுக்குள் பதுங்கிக்கொண்டே இந்த போனைக் கடந்துவிடலாம்.

"ஒரு கேள்வி. ஒரு எண்ணை அதாலேயே பெருக்கி, வந்த விடையிலேருந்து அந்த எண்ணைக் கழிச்சா ஐம்பத்தாறு. எண் என்ன? நிதானமா யோசி."

"எட்டு."

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. கையைத் தோளிலிருந்து எடுத்தார். அதோடு நண்டு வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை.

"இன்னொரு விடையும் உண்டு டீச்சர். மைனஸ் ஏழு. அதையும் வச்சுப் பாத்தா ஐம்பத்தாறுதான் வரும்."

மாஸ்டரின் நெற்றியில் வேர்வை பூத்தது. கெட்டிக்காரத்தனம் ஒரு இழை கூடினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

"இத்தனை வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றார் டீச்சர் மெதுவாக. "எல்லாரும் எட்டோட நிறுத்திக்கிட்டாங்க. இன்னொண்ணும் இருக்குன்னு யாருக்கும் ஞாபகமே வரலை. சரி, தங்கச்சிகிட்ட போனைக் குடு."

துரை முன்னால் வந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உன் கணக்கு மார்க்கைப் பார்த்தேன்மா. நீயும் கணக்குதானே கேக்கப் போறே?"

"இல்ல டீச்சர். தையல் போதும்."

"போதுமா? போதும்னா என்ன அர்த்தம்? வேணுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. துரை அப்பாவைப் பார்த்தான். அப்பா, பேசு பேசு என்று கையை ஆட்டினார்.

"வேணும்," என்றான். அப்புறம் அணை உடைந்தது. "ரொம்ப வேணும் டீச்சர். அப்பா வெட்டும்போது பாத்துக்கிட்டே இருப்பேன். கோடு போட்ட துணியில பாக்கெட் வைக்கணும்னா, பாக்கெட்டுக் கோடும் சட்டைக் கோடும் ஒண்ணாச் சேரணும். சேந்துட்டா பாக்கெட் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அது வரும். எனக்கும் வரும்னு தோணுது. ஆனா மெஷின் பக்கமே விட மாட்டேங்கறாங்க."

மாஸ்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அடேயப்பா, என்ன நடிப்பு! பிறகு அந்த விரல் தானாகவே மடங்கியது. பையனின் கண் கலங்கியிருந்தது. இந்த வீட்டில் அவனை மெஷின் பக்கம் விடாதது யார் என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரியாதா?

மூலையில் அம்மா தலை நிமிர்ந்து, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல மகனைப் பார்த்தாள்.

"சந்தோஷம்," என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் கேட்டதையே குடுத்துடறேன். கடைசியா ஒண்ணு. இந்தப் பேச்சு பதிவாகுது. கணக்குக் கேட்ட பிள்ளை வந்து முழுப் பேரைச் சொல்லட்டும். அப்புறம் தையல் கேட்ட பிள்ளை. முடிஞ்சுது."

நண்டு போனிலிருந்து ஒரு அடி பின்வாங்கினாள்.

பேர். அதில் பதுங்க இடமில்லை.

மாஸ்டர் அவள் காதருகே குனிந்தார். "சொல்லு. அண்ணன் பேரு. ஒரே ஒரு வார்த்தை."

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் இன்றைக்கு முதுகு தப்பும். நாளையிலிருந்து அவள் போட்ட கணக்கு அவன் பேரில் இருக்கும். அவன் பார்த்துப் பார்த்துக் கற்ற கோடும் பாக்கெட்டும் அவள் பேரில் இருக்கும். அவன் அந்த வகுப்பில் மறுபடியும் மூழ்குவான். ஸ்கேல் மறுபடியும் இரண்டு முதுகையும் அளக்கும்.

"பிள்ளைங்களா? லைன்ல இருக்கீங்களா?"

நண்டு துரையைப் பார்த்தாள். சத்தமே வராமல் அவன் உதடு அசைந்தது: 'உன் பேரைச் சொல்லுடி.'

நண்டு சொன்னாள். பிறந்தபோது வைத்த பேர். அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பேர். தலைப்பெழுத்தோடு, முழுசாக.

மாஸ்டர் போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அவர் கை போவதற்குள் துரை மேஜைமேல் கவிழ்ந்து தன் பேரைக் கத்தினான். "தையல் கேட்டது நான்தான் டீச்சர்!"

கடைவாசலில் அளவு கொடுக்க வந்து நின்றவர், சண்டையோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

போனில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. கோபமா, சிரிப்பா தெரியவில்லை.

"ஆக, இவ்வளவு நேரம் ரெண்டு பேரும் உண்மையைத்தான் பேசியிருக்கீங்க. பேர் மட்டும்தான் இடம் மாறி இருந்திருக்கு. அப்பா பக்கத்துல இருக்காரா?"

மாஸ்டரின் குரல் சட்டென்று பணிந்தது. "இருக்கேன் டீச்சர்."

அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்தாள். நூல்கண்டு எடுக்க மேஜைப் பக்கம் வந்தாள். எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பொண்ணுக்குக் கணக்கு, பையனுக்குத் தையல்னு எழுதிக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க. காரணத்தோட சொல்லுங்க. பையன் ஏன் தையல் படிக்கக் கூடாது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். காரணம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தையல் பொம்பளைங்க பாடம், ஆம்பளப் பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல். ஆயுசு முழுக்க நம்பிய காரணம்.

வாசலில் நின்றவர் கக்கத்தில் துணியோடு காத்திருந்தார். "மாஸ்டர், உங்க கை பட்டாத்தான் சட்டை உக்காருது," என்று போன வாரம்தான் புகழ்ந்துவிட்டுப் போனவர். மாஸ்டர் தன் நடுவிரலைப் பார்த்தார். அதில் அங்குஸ்தான் மாட்டியிருந்தது. ஊசி குத்தாமலிருக்கப் போடுகிற அந்தத் தகரக் குப்பி, அவர் விரலில் ஒரு தழும்பே ஆகிவிட்டிருந்தது.

"அது... யோசிச்சு..." என்றார்.

"யோசிங்க. நான் எழுதிட்டேன்."

போன் அணைந்தது.

வாசலில் நின்றவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "நான் அப்புறமா வர்றேன் மாஸ்டர்," என்று நழுவினார். போகாமலிருந்தால் தேவலை என்று நண்டுக்கு இருந்தது. துரை அவளுக்கு முன்னால் வந்து நின்றான். காப்பாற்றுகிற தைரியம் எல்லாம் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் அவர்கள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மேஜை ஓரத்துக்குக் கையை நீட்டினார். தடவினார். சாக்குக் கட்டி. கத்தரி. இஞ்சு டேப். மறுபடியும் தடவினார்.

"ஸ்கேல் எங்கே?"

துரையும் நண்டும் மேஜை ஓரத்தைப் பார்த்தார்கள்.

"ஏய், உன்னைத்தான். ஸ்கேல் எங்கேடி?"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சேலையைச் சுற்றிலும் நன்றாகப் பரப்பிவிட்டு, என்றைக்கும் இல்லாத அளவு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மரத்தின் விளிம்பு தொடையில் குத்தியது.

"தெரியலைங்க."

"எந்திரி. கீழ விழுந்திருக்கான்னு பாரு."

"கால் மரத்துப்போச்சுங்க," என்றாள் அம்மா. "இப்போதைக்கு எந்திரிக்க முடியாது."

சொல்லும்போது அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் காஜா நேராகத்தான் வந்தது.