ஓசியில் கட்டிய பியர்ப் பட்டறை

அருமைநாதருக்குத் தன் மகன் றொசானைப் பற்றி இருந்தது ஒரேயொரு அபிப்பிராயம். அவனுக்கு ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. இதை அவர் கோயில் வாசலில் சொன்னார், பிறந்தநாள் வீடுகளில் சொன்னார், ஜொய்சியின் தாய் தகப்பன் கலியாணம் பேச வந்த அன்றைக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். றொசானும் சிரித்தான். மனிசன் தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் திருத்தியவர். ஓடுகிற மோட்டரின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பிறந்தவன் கணக்கெழுதுகிற வேலைக்குப் போனால் அந்த வாய் சும்மா கிடக்குமா?

கால்கள் ஏலாமல் போன பிறகு அவரிடம் ஒரு மின்சாரச் சில்லுக் கதிரை இருந்தது. தன் சேமிப்பில் வாங்கியது. வலது கைப்பிடியில் ஒரு சின்னக் கம்பு. முன்னுக்குத் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். கம்பின் தலையில் மடுமாதா படமொன்றை வெட்டி ஒட்டியிருந்தார். வெயில் காலம் வந்தால் திங்களும் வியாழனும் மத்தியானச் சோற்றோடு ஆள் வெளிக்கிட்டுவிடும். அவர்கள் இருந்த பியர்பொன்ட்ஸ் பகுதியில், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தியாகலிங்கத்தின் கராஜ். அங்கே நாலு கிழவர்கள், ஒரு மேசை, முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். துரும்பை ஒளித்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசுவதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த சீவியம். அதை விட்டால் மருந்தும் தொலைக்காட்சியும்.

போன தையில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆள் இனித் திரும்பாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தப்பினாலும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதென்று வயோதிபர் இல்லத்துக்கு எழுதியும் கொடுத்தாயிற்று. மனிசன் எல்லாரையும் ஏமாற்றிவிட்டுச் சித்திரையில் எழும்பி வந்தார். வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டார்.

"என்ர கதிரை எங்க?"

ஜொய்சி புருசனைப் பார்த்தாள். றொசான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தேடினான்.

"திருத்தக் குடுத்திருக்கப்பா. பற்றரி செத்துப்போச்சு."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் கதை முழுக்கப் பியர்தான். பனிக்காலத்துக்குள் றொசானுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ரின்னில் வருகிற பாணியை வாங்கித் தண்ணீரில் கலக்குகிற சோம்பேறி வேலை இல்லையாம். முளைவிட்டுக் காய்ந்த பார்லியை அரைத்து, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, சாறு வடித்துக் காய்ச்சுகிற வேலையாம். அதற்கான சாமான்களைக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் தானே கட்டினேன் என்றான்.

"ஊறப்போடுறது பிக்னிக் பெட்டிக்குள்ள. போன வருசம் யூலை முதலாந் திகதி சனமெல்லாம் வீடு மாறேக்க தெருவில எறிஞ்சது, எடுத்து வச்சிருந்தன். சூடு போகாது. அடியில வடி வேணுமெல்லோ? சிங்குக்குக் கீழ இருக்கிற கம்பி பின்னின குழாயை எடுத்து, உள்ள இருக்கிற றப்பரை இழுத்துப்போட்டு வச்சிருக்கிறன். காய்ச்சிறது கோயில் பெருநாளுக்குச் சமைச்ச பழைய கிடாரம். ஓட்டை போட்டுப் பைப் பூட்டியாச்சு. செப்புக் குழாயைப் பெயின்ற் ரின்னில சுத்திச் சுருளாக்கி, அதுக்குள்ள பச்சைத் தண்ணி விட்டு ஆற வைக்கிறது. எல்லாம் ஓசி!"

அவன் இவ்வளவு பேசி அவர் கேட்டதேயில்லை. கண் மினுங்கிக்கொண்டு பேசினான். ஒரு நல்ல வார்த்தை சொல்ல அருமையான சந்தர்ப்பம். அருமைநாதர் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ஒழுகாதோ?" என்றார்.

ஜொய்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றொசான் சிரிக்கவில்லை.

"ஒழுகாது."

"பார்லியை எதால அரைக்கிறாய்? அம்மியிலயோ?"

"அதுக்கும் ஒண்டு கிடைச்சது," என்றுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினான்.

வைகாசி வந்தது. வெயில் எறித்தது. கதிரை வரவில்லை. வோக்கரைப் பிடித்துக்கொண்டு அவரால் வாசல் பாதை முடியும்வரைதான் போக முடிந்தது. அதற்குமேல் மூச்சு விடாது. பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். தியாகலிங்கத்துக்குக் கண் மங்கிக் கார் ஓடுகிற உரிமமும் போய்விட்டது, வந்து ஏற்றவும் வழியில்லை. போன் மட்டும் எடுப்பார்.

"டேய் நாதன், எப்பயடா வாறாய்? மூண்டு பேர் இருந்து என்னத்தை விளையாடுறது? யோகேந்திரன் அந்த இடத்துக்கு நாயா அலையிறான்."

"அவனை விட்டிடாத. கள்ளன், மற்றவன்ர சீட்டை எட்டிப் பாப்பான். கதிரை வந்த அண்டைக்கே நான் வாறன்."

"எவ்வளவு நாளைக்கடா பொறுக்கிறது?"

அவர் றொசானைக் கேட்டார். வரும் என்றான். மறுநாளும் கேட்டார். கடைசியில் ஒருநாள் ஜொய்சி அவருக்கு முன்னால் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நார் எல்லாவற்றையும் எடுத்து, சுளைகளைக் கோப்பையில் வடிவாக அடுக்கினாள்.

"மாமா, ஒவ்வொரு நாளும் இதையே கேட்டா நாங்கள் என்ன செய்யிறது? இஞ்ச இருக்கிறது கஷ்டமெண்டால் சொல்லுங்கோ. இல்லத்துக்கு எழுதிக் குடுத்தது அப்பிடியேதான் கிடக்கு."

குரலில் ஒரு கோபமும் இல்லை. கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். அதன்பிறகு அருமைநாதர் கதிரை எங்கே என்று கேட்கவில்லை. தோடம்பழத்தைச் சாப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில், கீழே கராஜுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு சின்ன முனகல், பிறகு மெல்ல ஏறி ஒரே சீராக நிற்கிற இரைச்சல். கிழவர் தலையைத் தூக்கிக் கேட்டார். அந்தச் சத்தத்தின் மேல் அவர் ஆறு வருடம் இருந்து போயிருக்கிறார். பெற்ற பிள்ளையின் குரல் மாறினாலும் அது மாறுமா?

கதிரை வந்துவிட்டது! தட்டுத்தடுமாறிப் பழைய சேட்டைக் கழற்றி நல்ல சேட்டைப் போட்டார். தலை சீவினார். சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாமல் உள்ளே செருகிக்கொண்டார். தியாகலிங்கத்துக்குப் போன் எடுத்து, "இண்டைக்குச் சனியெண்டாலும் பரவாயில்லை, சீட்டை எடுத்து வை, வாறன்," என்றார். பிறகு வோக்கரைப் பிடித்தபடி வாசற்கதவடியில் நின்றார். கராஜுக்கு இறங்கப் படிகள், அவரால் ஏலாது. மகன் கொண்டுவந்து தருவான்.

சத்தம் நின்று வெகுநேரத்துக்குப் பிறகு றொசான் மேலே வந்தான். மயிரெல்லாம் மாத்தூள். வேகவைத்த தானியத்தின் இனிப்பு வாசனை அவனோடு வந்தது.

"என்னப்பா, வெளிக்கிட்டு நிக்கிறியள்?"

"கதிரை வந்திட்டுதெல்லே? சத்தம் கேட்டுது."

றொசான் அவருடைய சேட்டைப் பார்த்தான், சீவிய தலையைப் பார்த்தான், செருகியிருந்த சப்பாத்து நாடாவைப் பார்த்தான்.

"அது தண்ணிப் பம்ப்," என்றான். "போய் இருங்கோ. விழுந்து கிழுந்து துலைக்காதேங்கோ."

தண்ணிப் பம்ப்பாம். முப்பது வருடம் மோட்டரோடு மாரடித்தவனுக்குத் தண்ணிப் பம்ப்பின் சத்தம் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தியாகலிங்கத்துக்கு மறுபடி போன் எடுத்தார்.

ஆனி மாதத்துச் சென் ஜோன் பெருநாள் விடுமுறைக்கு றொசான் ஆட்களைக் கூப்பிட்டான். கராஜ் கதவு திறந்திருந்தது, இறைச்சி வெந்துகொண்டிருந்தது, வந்தவர்கள் கையில் எல்லாம் அவன் காய்ச்சிய பியர். தகப்பனும் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அவனும் கூட்டாளி டனிஸ்ரனும் அவரைப் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கிப் படியால் இறக்கினார்கள். தியாகலிங்கத்தைக்கூடக் காரில் போய் ஏற்றி வந்திருந்தான். இரண்டு தெருதானே, எத்தனை நிமிசப் பாடு!

தியாகலிங்கம் பியரை ஒரு மிடறு விழுங்கிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"கோவிக்காத நாதன். போன வியாழன் யோகேந்திரனைச் சேத்துப்போட்டம். நீ வாறன் வாறனெண்டு எவ்வளவு நாள்..."

அருமைநாதரின் கண் கராஜின் மூலையில் நின்றது. அங்கே அவருடைய கதிரை இருந்தது. சில்லுகள் இல்லை. நாலு கட்டைகளின் மேல் நின்றது. அவர் இருக்கிற இடத்தில் பியர் புளிக்கிற பெரிய வாளி இருந்தது. சரிந்து விழாமல் அவருடைய இடுப்புப் பட்டியை வாளிக்கு இறுக்கிப் பூட்டியிருந்தான்.

"அரைக்கிற மெஷினைத்தான் எல்லாரும் கேக்கிறியள்," என்று றொசான் சத்தமாகச் சொன்னான். மேசையில் இரண்டு இரும்பு உருளை, மேலே பார்லி கொட்டுகிற பெட்டி, பக்கத்தில் பட்டி பூட்டிய மோட்டர். "துளைக்கிற மெஷினைப் பூட்டிப் பாத்தன், எரிஞ்சுபோச்சு. இதெண்டால் மெதுவாச் சுத்தும், ஆனால் பலம். சும்மா கிடந்த சாமான்."

"மூளையடாப்பா உனக்கு!" என்றான் டனிஸ்ரன்.

"அப்பா நாப்பது வருசமாச் சொல்லுவார், எனக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாதெண்டு. இண்டைக்கு அவரே போட்டுப் பாக்கட்டும்."

கை தட்டினார்கள். றொசான் ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தான். பலகையில் இரண்டு ஆணி, நேராக அடித்தது. நடுவில், மோட்டரோடு வயரால் தொடுத்த அந்தக் கதிரைக் கம்பு. மடுமாதாவின் முகம் பாதி உரிந்திருந்தது. வைத்துவிட்டு அவர் காதடியில் குனிந்தான்.

"ஒழுகேல்லையப்பா. பாத்தியளோ?"

கிழவருக்கு வாய் வரை வந்தது. பாவி, என்ர காலையடா கழட்டினாய் என்று கத்த வேண்டும் போல வந்தது. ஜொய்சி எதிரே இறைச்சித் தட்டோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தியாகலிங்கம் தன் பியர்க் கோப்பைக்குள் பார்த்தார். அவருக்கும் அந்தக் கம்பைத் தெரியும். அதைப் பிடித்து வந்த கையோடுதானே அருமைநாதர் அத்தனை வருடம் அவருக்கு எதிரே இருந்து சீட்டு விளையாடினார்.

அருமைநாதர் கம்பைப் பிடித்தார். முன்னுக்குத் தள்ளினார்.

மோட்டர் முனகியது, ஏறியது, சீராக நின்றது. உருளைகள் சுழன்றன. பார்லி நொறுங்கிக் கீழே வைத்த வேறொரு வாளிக்குள் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு உரசல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை. பழைய பழக்கம், பிழை தேடினார். கிடைக்கவில்லை. நாசமாய்ப் போனவன் நன்றாகத்தான் பொருத்தியிருந்தான்.

"எப்பிடியப்பா?" என்றான் றொசான், எல்லாரும் கேட்கத்தக்கதாக.

"நல்லா ஓடுது," என்றார்.

மறுபடி கை தட்டினார்கள். பார்லி முடிந்தது. உருளைகள் வெறுமனே கடகடத்தன. "காணும் அப்பா, விடுங்கோ," என்றான் மகன். விட்டால் நின்றுவிடும். அவர் விடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இன்னும் முன்னுக்குத் தள்ளினார். றொசான் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே குனிந்து, தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தான். மோட்டர் நின்றது.